செங்கல் சுவரில் பிளைவுட் பலகை: காக்ஸ் டவுன் கார் ஷெட் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரு காக்ஸ் டவுனில் என் சித்தப்பா வீட்டுக் கார் ஷெட்டில், கருவிகள் மாட்டுவதற்காகச் சுவரில் பொருத்தியிருந்த 8-க்கு 4 அடி பிளைவுட் பலகை ஓர் அக்டோபர் இரவில் மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. யாருக்கும் அடிபடவில்லை. கீழே நின்ற ஸ்கூட்டரின் ஹெட்லைட் நொறுங்கியது, சில அளவுக் கருவிகள் வீணாயின. பகலில், சித்தப்பா அங்கே உட்கார்ந்து அரம் போட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் விழுந்திருந்தால் கதையே வேறு.

கட்டட வேலை மேற்பார்வைதான் என் பிழைப்பு. பெரிய பெரிய தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் கணக்குப் போடுகிற நாங்கள், சுவரில் ஒரு பலகை மாட்டுவதை 'நாலு ஸ்க்ரூ வேலை' என்று விட்டுவிடுகிறோம். கிட்டத்தட்ட நூறு கிலோவுக்கு மேல் எடை, மனிதர்கள் புழங்குகிற இடத்தில், தலைக்கு நேர் உயரத்தில் தொங்குகிறது. அதற்கும் கணக்கு வேண்டும். அதனால்தான் இந்தப் பலகை ஏன் விழுந்தது, அதே சுவரில் மறுபடி எப்படி நின்றது என்று விவரமாக எழுதுகிறேன்.

சுவரும் சுமையும்

வீடு பழையது. ஷெட்டின் மேற்குச் சுவர் 9 அங்குலச் செங்கல் சுவர், காம்பவுண்டை ஒட்டியது. சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். பிற்பாடு யாரோ அதன்மேல் சிமெண்ட் பூச்சு பூசியிருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் கெட்டியான, வழவழப்பான சுவர்.

சித்தப்பா எச்.எம்.டி. தொழிற்சாலையில், கருவிகளும் அச்சுகளும் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கருவிகள் சாதாரண வீட்டுக் கருவிகள் இல்லை. 24 அங்குல பைப் ரெஞ்ச் ஒன்றே 4 கிலோவுக்கு மேல் இருக்கும். ஸ்பானர் வரிசைகள், சுத்தியல்கள், இரண்டு டிரில், ஒரு கிரைண்டர், அரங்கள், டை செட்டுகள் என்று எல்லாவற்றையும் எடை போட்டால் 90 கிலோவை ஒட்டி வந்தது. பலகை 12 மி.மீ. தடிமன். 8-க்கு 4 அடி அளவில் அதன் எடை ஏறத்தாழ 23 கிலோ. ஆக, சுவர் தாங்கவேண்டிய மொத்தச் சுமை 115 கிலோ மாதிரி.

அதைப் பொருத்தியவர் பக்கத்துத் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு கார்பென்டர். பலகையை நேராகச் சுவரோடு சேர்த்து வைத்து, 6 மி.மீ. ராவல் பிளக் (சுவர்த் துளைக்குள் செருகி ஸ்க்ரூவைப் பிடிக்க வைக்கும் பிளாஸ்டிக் குழல்), 35 மி.மீ. ஸ்க்ரூ, மொத்தம் 10 இடத்தில். அரை நாளில் முடித்துக் கொடுத்துவிட்டார்.

கணக்குப்படி விழுந்திருக்கக் கூடாது

இது எனக்கே ஆச்சரியம். 115 கிலோவை 10 ஸ்க்ரூ பங்குபோட்டால், ஒவ்வொன்றுக்கும் கீழ்நோக்கி 11 அல்லது 12 கிலோ. கெட்டியான செங்கலில் ஒழுங்காக உட்கார்ந்த பிளக் இதைப்போல் பல மடங்கு தாங்கும்.

அப்புறம் இழுவை. கருவிகள் சுவரிலிருந்து வெளியே தள்ளி நிற்பதால், பலகையின் மேல்பகுதி சுவரை விட்டுப் பிரியப் பார்க்கும். கருவிகளின் எடை சராசரியாகச் சுவரிலிருந்து 10 செ.மீ. வெளியே இருப்பதாக வைப்போம். பலகையின் உயரம் 120 செ.மீ. 115-ஐ 10-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால், மேல் வரிசை முழுவதற்கும் சேர்த்து 10 கிலோவுக்குள்தான் இழுவை. அந்த வரிசையில் 4 ஸ்க்ரூ. ஒன்றுக்கு இரண்டரை கிலோ கூட இல்லை.

சுவரில் நேரடியாகத் தட்டு மாட்டாமல் பலகை அடித்து அதன்மேல் மாட்டுவதன் பெரிய பலனே இதுதான். 20 செ.மீ. உயரப் பிராக்கெட்டில் 30 செ.மீ. அகலத் தட்டு ஒன்றை நேராகச் சுவரில் மாட்டி 40 கிலோ ஏற்றினால், மேல் ஸ்க்ரூக்களில் 30 கிலோ இழுவை விழும். அதே தட்டை 120 செ.மீ. உயரப் பலகையில் மாட்டினால் சுவருக்குப் போகும் இழுவை 5 கிலோதான். பலகை தன் உயரத்தாலேயே இழுவையைக் குறைத்துவிடுகிறது. ஆனால் பிராக்கெட்டுக்கும் பலகைக்கும் நடுவில் அந்த 30 கிலோ அப்படியே இருக்கும். பலகையின் தடிமன் அங்கேதான் முக்கியம். பின்னால் வருகிறேன்.

எண்ணிக்கையில் குறை இல்லை, எடையிலும் மிகை இல்லை. அப்படியானால் சுவரைத்தான் கேட்கவேண்டும்.

விழுந்த பலகையின் முதுகு

பலகையைத் திருப்பிப் போட்டோம். ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்ட் பூச்சு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. எந்த ஸ்க்ரூவும் பிளக்கை விட்டு உருவிக்கொண்டு வரவில்லை. பிளக் ஸ்க்ரூவைப் பத்திரமாகப் பிடித்திருந்தது, பூச்சு பிளக்கைப் பத்திரமாகப் பிடித்திருந்தது. பூச்சைத்தான் சுவர் விட்டுவிட்டது. ஒரு துண்டை உடைத்து பிளக்கை வெளியே எடுத்துப் பார்த்தேன். நீளம் முழுக்கச் சாம்பல் நிறம். நுனியில் மட்டும் ஒரு நெல்மணி அளவுக்குச் செங்கல் தூளின் சிவப்பு.

காரணம் எளிது. 35 மி.மீ. ஸ்க்ரூவில் 12 மி.மீ. பலகைக்குள்ளேயே போய்விட்டது. மிச்சம் 23 மி.மீ. அந்தச் சுவரில் பூச்சு 20-லிருந்து 25 மி.மீ. வரை இருந்தது. பழைய சுவர் கோணல்மாணலாக இருந்ததால் மட்டம் பிடிக்கத் தடிமனாகப் பூசியிருக்கிறார்கள். மொத்தத்தில் 115 கிலோவும் செங்கலில் தொங்கவே இல்லை. பூச்சில் தொங்கியது.

அந்தப் பூச்சின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று உப்புப் பூத்திருந்தது. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கும், காற்றில் விட்டுவிடும். அப்படித்தான் அந்தக் காலத்துச் சுவர்கள் நின்றன. அதன்மேல் சிமெண்ட் பூச்சு பூசினால் ஈரம் உள்ளே வரும் வழி திறந்திருக்கும், வெளியே போகும் வழி அடைபட்டுவிடும். தண்ணீரோடு வந்த உப்பு பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவில் படிந்து, படிகமாகி, பூச்சைச் சுவரிலிருந்து தள்ளும். காக்ஸ் டவுன், அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் பழைய வீடுகளில் சிமெண்ட் பூச்சு உப்பிக்கொண்டு நிற்பதை எத்தனையோ இடத்தில் பார்க்கலாம். விரல் மூட்டால் தட்டினால் 'டொக் டொக்' என்று பொள்ளலாகக் கேட்கும். பலகை அடிக்கும் முன் இந்தச் சுவரை ஒரு தடவை தட்டிப் பார்த்திருந்தால் போதும்.

மூன்றாவது காரணம் பலகையிடமே இருந்தது. பிளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 303-இல் எம்.ஆர். வகை (ஈரப்பதம் தாங்குவது), பி.டபிள்யூ.ஆர். வகை (கொதிநீரும் தாங்குவது) என்று உண்டு. மாட்டியிருந்தது எம்.ஆர். அதன் பசை யூரியா ஃபார்மால்டிஹைடு. அவ்வப்போது வரும் ஈரப்பதத்தைச் சமாளிக்கும், நாள்கணக்கில் ஈரம் பட்டால் தளர்ந்துவிடும். முன்பக்கம் பெயிண்ட் அடித்திருந்தது, பின்பக்கம் வெறும் மரம், சுவரோடு ஒட்டி. நனைந்த முதுகு விரிந்தது, காய்ந்த முகம் விரியவில்லை. அப்போது பலகை வளைந்து, நடுப்பகுதி சுவரை அழுத்த, ஓரங்கள் சுவரை விட்டு எழும்பும். ஓரத்தில்தான் ஸ்க்ரூக்கள் வரிசையாக இருந்தன. ஏற்கெனவே கழன்று நின்ற பூச்சுக்கு அந்த நெம்பல் போதுமானதாக இருந்தது.

பெங்களூருக்கு ஆண்டு மழை சராசரியாக 1,000 மி.மீட்டரை ஒட்டி. அதில் செப்டம்பரும் அக்டோபரும் கனமான மாதங்கள். பலகை அக்டோபரில் விழுந்தது தற்செயல் இல்லை.

ஈரம் போகாமல் கை வைப்பதில்லை

சித்தப்பாவுக்கு அவசரம். கருவியெல்லாம் தரையில் கிடக்கிறதே என்று. "ஸ்க்ரூவை நீளமாப் போட்டுட்டா சரியாப் போயிடும்லடா?" என்றார். நின்றிருக்கும், உண்மைதான். ஆனால் இன்னொரு பலகையும் அதே ஈரத்தில் அழுகியிருக்கும். அதோடு, ஈரச் சுவரில் மாட்டும் மரம் கரையானுக்கு விருந்து.

சுவரின் வெளிப்பக்கம் போய்ப் பார்த்தால், மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் முழங்கை இணைப்பில் விரிசல். மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் சுவரில் வழிந்திருக்கிறது. போதாததற்கு வெளியே மண் மேடிட்டு, ஷெட்டின் தரை மட்டத்தைவிட உயர்ந்து நின்றது. இணைப்பை மாற்றினோம். மண்ணை வெட்டி இறக்கி, தண்ணீர் சுவரை விட்டு ஓடும்படி வாட்டம் கொடுத்தோம்.

உள்ளே, பொள்ளலாகக் கேட்ட பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்தாயிற்று. மறுபடி பூச வேண்டாம் என்பது என் முடிவு. பலகைக்குப் பின்னால் அழகு எதற்கு? உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும், அதைச் செய்யக் கூடாது. செங்கல்களுக்கு நடுவில் உதிர்ந்திருந்த காரை இணைப்புகளைச் சுரண்டி, சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையால் கொத்தனார் அடைத்தார். பிறகு குளிர்காலமும் அதற்கடுத்த வறண்ட வாரங்களும் கழியட்டும் என்று விட்டுவிட்டோம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. ஒரு கெட்டியான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, இரண்டு நாள் விடவேண்டும். தாளின் உள்பக்கம் வியர்த்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. மார்ச் மாதத்தில் தாள் வியர்க்கவில்லை. வேலையை ஆரம்பித்தோம்.

தூள் சொல்லும்

இந்தத் தடவை வந்த ஆசாரி, கோலார் தங்கவயலிலிருந்து (கே.ஜி.எஃப்.) தினமும் ரயிலேறி வேலைக்கு வந்து போகிறவர். நான் அளவு, கணக்கு என்று ஆரம்பிப்பதற்குள், "தம்பி, முதல்ல ஒரு ஓட்டை போட்டுப் பார்ப்போம். சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு தூளு சொல்லும்" என்றார். அவர் சொன்னதை இந்த ஆய்விலேயே முக்கியமான வரியாக நினைக்கிறேன்.

டிரில்லுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துக்கொண்டு 6 மி.மீ. துளை போட்டார். பூச்சு மிச்சமிருந்த ஓரத்தில் முதலில் சாம்பல் தூள், பிறகு கொஞ்சம் வெண்மை, பிறகு நல்ல சிவப்பு. சிவப்பு விடாமல் வந்தால் செங்கலின் வயிற்றில் போகிறோம் என்று அர்த்தம். நடுவில் சட்டென்று டிரில் வழுக்கி உள்ளே போய், வெண்மையும் மணலுமாகத் தூள் கொட்டினால் இணைப்பில் விழுந்துவிட்டோம். பூச்சு உள்ள சுவரில் துளை எவ்வளவு ஆழம் வேண்டும் என்பதையும் இந்தத் தூள்தான் சொல்லும். சிவப்பு ஆரம்பித்த இடத்திலிருந்துதான் ஆழத்தை எண்ண வேண்டும்.

துளை செங்கலின் நடுவிலா, இணைப்பிலா என்று கேட்பவர்கள் உண்டு. புதுச் சுவரில், நல்ல சிமெண்ட் இணைப்பு இருந்தால் இரண்டும் சரிதான். சுண்ணாம்புக் காரைச் சுவரில் இணைப்பு உதிரும், அதனால் செங்கலின் நடு. ஓரத்தை ஒட்டிப் போட்டால் செங்கல் தெறிக்கும். பூச்சை எடுத்துவிட்டதால் எங்களுக்கு ஒவ்வொரு செங்கலும் கண்ணுக்குத் தெரிந்தது. இது எதிர்பாராத வசதி. பழைய கைவார்ப்புச் செங்கல் மென்மையானது என்பதால் டிரில்லில் இடித்துக்கொண்டே சுழலும் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, வெறும் சுழற்சியில்தான் துளை போட்டார். துளை வட்டம் குலையாமல் வந்தது. ஒவ்வொரு துளையையும் சைக்கிள் பம்ப்பால் ஊதினார். தூள் உள்ளே தங்கினால் பிளக் தூளைத்தான் பிடிக்கும், செங்கலைப் பிடிக்காது.

இரும்பு ஆங்கர் போல்ட் போடலாமே என்று சித்தப்பா கேட்டார், இயந்திரம் பதித்த ஆள் அல்லவா. அது கான்கிரீட்டுக்கு உரியது. இறுக்க இறுக்க உள்ளே விரிந்து சுற்றிலும் நெருக்கும். மென்மையான செங்கல் அந்த நெருக்கலில் பிளந்துவிடும். நாங்கள் போட்டது 10 மி.மீ. தடிமன், 100 மி.மீ. நீளமுள்ள நீள நைலான் பிளக், அதற்கேற்ற ஸ்க்ரூவோடு. பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. சுவருக்கும் பலகைக்கும் நடுவில் வைக்கும் மரச்சட்டமான ரீப்பரின் தடிமன் 25 மி.மீ., மட்டம் பிடிக்கச் செருகிய துண்டு ஏறத்தாழ 5 மி.மீ. போக, 70 மி.மீ. செங்கலுக்குள் நிற்கும்.

ரீப்பரும் காற்றும்

பலகையைச் சுவரோடு ஒட்டவில்லை. முதலில் 2 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமனுள்ள தேக்கு ரீப்பர்களைச் செங்குத்தாகச் சுவரில் பொருத்தினோம். பழைய வீடு இடித்த இடத்திலிருந்து வந்த மரம், வைரம் பாய்ந்தது. 16 அங்குலத்துக்கு ஒன்றாக 8 அடிக்கு 7 ரீப்பர். ஒவ்வொன்றிலும் 4 பிளக். மொத்தம் 28 பிடிமானம்.

செங்குத்தாக வைத்ததற்குக் காரணம் காற்று. கிடையாக வைத்தால் ஒவ்வொரு ரீப்பரும் ஒரு தடுப்பாகிவிடும். செங்குத்தாக வைத்து, கீழேயும் மேலேயும் திறந்துவிட்டால் காற்று கீழே நுழைந்து மேலே போகும். சுவர் மூச்சு விடும், பலகையின் முதுகும் உலர்ந்தே இருக்கும்.

பழைய சுவர் ஆயிற்றே, மட்டமாகவா இருக்கும்? முதல் ரீப்பரையும் கடைசி ரீப்பரையும் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே நூல் கட்டி, நூல் தொடும்படி மற்ற ரீப்பர்களுக்குப் பின்னால் பிளைவுட் துண்டுகளைச் செருகினார் ஆசாரி. இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. இதில் அவசரப்பட்டிருந்தால் பலகை முறுக்கிக்கொண்டிருக்கும்.

முதல் ரீப்பர் நின்றதும் சித்தப்பா அதில் ஒரு 50 கிலோ சிமெண்ட் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும் என்றார். ரீப்பருக்கும் சுவருக்கும் நடுவில் பென்சிலால் கோடு போட்டு வைத்தோம். காலையில் கோடு நகரவில்லை. அதன் பிறகுதான் மற்ற ஆறையும் அடிக்க அனுமதி கிடைத்தது.

பலகை இந்தத் தடவை 18 மி.மீ., பி.டபிள்யூ.ஆர். வகை, ஃபினாலிக் பசை. தண்ணீரில் நனையும் வேலைகளுக்கான ஐ.எஸ். 710 மரைன் பிளை வாங்கலாமா என்ற பேச்சும் வந்தது. கூரைக்குள் இருக்கும், பின்னால் காற்றோட்டமுள்ள பலகைக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. பிளைவுட் ஆராய்ச்சிக்கென்றே தும்கூர் சாலையில் 1960-களிலேயே ஒரு நிறுவனம் தொடங்கப்பட்ட ஊர் இது. ஆனாலும் கடையில் பலகையைத் திருப்பி ஐ.எஸ். முத்திரையைத் தேடிப் பார்ப்பவர்கள் குறைவாகவே இருக்கிறார்கள். தயவுசெய்து பாருங்கள். பெயரளவுக்கு 'வாட்டர் புரூஃப்' என்று சொல்லி விற்பதை நம்பி வாங்க வேண்டாம்.

16 அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் இருக்கையில் சுமைக்கு 12 மி.மீ. போதும். 18 போட்டது கொக்கிகளுக்காக. முன்னே சொன்ன அந்த 30 கிலோ இழுவை பிராக்கெட் ஸ்க்ரூவின் மரைகளில் விழுகிறது. 12 மி.மீட்டரில் மரை பிடிக்க இடம் குறைவு. 18 இருந்தால் பின்னால் ரீப்பர் இருக்கிறதா என்று தேடாமல் வேண்டிய இடத்தில் கொக்கி போடலாம். கனமான தட்டுக்கு மட்டும் பிராக்கெட்டை ரீப்பருக்கு நேராக வைத்தோம்.

முழுப் பலகை 35 கிலோ வரும், இரண்டு பேர் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூ போடுவது சிரமம். அதனால் 4-க்கு 4 அடியாக இரண்டாக வெட்டினோம். வெட்டு சரியாக நாலாவது ரீப்பரின் நடுவில் விழுந்தது, அந்த ரீப்பரை மட்டும் 3 அங்குல அகலத்தில் எடுத்திருந்தோம். மாட்டும் முன் முகம், முதுகு, நாலு ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமர். ஓரங்களுக்கு இரண்டு தடவை, ஏனென்றால் பிளைவுட் தண்ணீர் குடிப்பது ஓரத்தின் வழியாகத்தான். சுவிட்ச் போர்டிலிருந்து சுவருக்குள் மேலே போகும் வயர் குழாயின் பாதையைச் சாக்பீஸால் குறித்துவிட்டு, அந்தப் பட்டையில் துளையே போடவில்லை.

டூல் ரூம் ஒழுங்கு

மாட்டியபின் சித்தப்பா யாரையும் பக்கத்தில் விடவில்லை. பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 3 அடி உயரத்தில், கீழே வேலை மேஜை. பைப் ரெஞ்சுகளும் பெரிய சுத்தியல்களும் கீழ் வரிசை. ஸ்பானர்கள் கண்ணுக்கு நேராக, அளவு வரிசையில். எப்போதாவது எடுப்பவை மேலே. கிரைண்டர் தட்டில். பலகைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்து, ஒவ்வொரு கருவியையும் அதன் இடத்தில் வைத்துச் சுற்றிலும் கறுப்பில் கோடு வரைந்துவிட்டார். தொழிற்சாலைகளில் 'ஷேடோ போர்டு' என்பார்கள். எந்தக் கருவி திரும்பி வரவில்லை என்பது வெறும் கோட்டைப் பார்த்தாலே தெரியும். பென்ச் வைஸ் மட்டும் பலகைக்கு ஏறவில்லை. அடியும் அதிர்வும் விழும் எதையும் சுவரில் மாட்டக் கூடாது, அது மேஜையோடு போல்ட் போட்டு நிற்கவேண்டியது.

அடுத்த மழைக்காலம் முடிந்ததும் டார்ச் அடித்துப் பலகைக்குப் பின்னால் பார்த்தேன். சுவரின் வடகோடியில், தரையை ஒட்டி ஒரு முழத்துக்கு லேசாக உப்புப் பூத்திருந்தது. பக்கத்து வீட்டுக் குழாயடி அந்த இடத்துக்கு நேர் பின்னால் இருக்கிறது, அவர்களிடம் பேசவேண்டும். பலகை இருக்கும் உயரத்தில் சுவர் காய்ந்திருந்தது. கரையானின் மண் குழாய் எங்கும் இல்லை. மரம் சற்று இறுகிச் சுருங்கியதால் சில ஸ்க்ரூக்களைக் கால் சுற்று இறுக்கவேண்டி வந்தது.

இப்போது சித்தப்பாவுக்கு எதிர்ச் சுவரிலும் ஒரு பலகை வேண்டுமாம், தோட்ட வேலைச் சாமான்களுக்கு. அந்தச் சுவர் பின்னாளில் சாலிட் கான்கிரீட் பிளாக் வைத்துக் கட்டியது. ஆசாரி முதல் துளையைப் போட்டார். 12 மி.மீ. வரை பூச்சு, அதற்கப்புறம் ஆழம் முழுக்க ஒரே சாம்பல், கரகரவென்று ஜல்லித் தூள். இங்கே சுத்தியல் ஓட்டம் இல்லாமல் டிரில் நகரவே நகராது. நீள பிளக் வேண்டாம், 8 மி.மீ. பிளக்கும் 75 மி.மீ. ஸ்க்ரூவும் போதும் என்று முடிவு செய்தோம். ரீப்பர் மட்டும் அதே மாதிரி செங்குத்தாகத்தான்.